தொண்ணூறை நெருங்கும் என் பாட்டியின் வாழ்க்கையையும் குடும்பத்தையும் எழுதி வைக்க எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் பாட்டியின் அம்மாவிடமிருந்து தொடங்குங்கள். என் அம்மாவைப் பெற்ற பாட்டி 91 வயதில் காலமானார். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள், வாரத்துக்கு ஒரு பிற்பகல் அவர் அருகில் உட்கார்ந்து, அவர் சொன்னதைக் கேட்டு எழுதினேன். அந்த அனுபவத்தை வைத்தே இதைச் சொல்கிறேன்.

முதல் சில வாரங்கள் வீணாயின. "உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க பாட்டி" என்று கேட்கும்போதெல்லாம், "எனக்கென்னப்பா கதை இருக்கு, புள்ளைகளை வளர்த்தேன், அவ்வளவுதான்" என்று முடித்துவிடுவார். காலமெல்லாம் பிறரைப் பற்றியே நினைத்து வாழ்ந்த ஒருவரிடம், திடீரென்று அவரைப் பற்றி மட்டும் பேசச் சொன்னால் அவருக்குக் கூச்சம்தான் வரும் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. பிறகு ஒரு நாள், "உங்க அம்மா உங்களை என்னன்னு கூப்பிடுவாங்க?" என்று கேட்டேன். புடவைத் தலைப்பை மடித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. ஒரு செல்லப் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரால் அவரை அழைத்தவர்களில் ஒருவரும் அப்போது உயிருடன் இல்லை. அதன்பின் இரண்டு மணி நேரம் நான் கேள்வியே கேட்கவில்லை.

அன்று அவர் பேசியது பெரும்பாலும் தன் மூத்த அண்ணனைப் பற்றி. பள்ளிக்கு அனுப்பப்படாத தங்கைக்கு அந்த அண்ணன் எழுத்து சொல்லிக்கொடுத்த விதத்தை, என் உள்ளங்கையை இழுத்து வைத்துக்கொண்டு செய்தே காட்டினார். அண்ணன் விரலால் பாட்டியின் முதுகில் ஓர் எழுத்தை எழுதுவாராம், அது என்ன எழுத்து என்று பாட்டி சொல்ல வேண்டுமாம். தவறாகச் சொன்னால் அதே எழுத்தை இன்னும் அழுத்தி எழுதுவாராம். என் உள்ளங்கையில் அவர் எழுதிய 'ழ'வின் சுழி முடியும் இடத்தில் நகம் லேசாகக் கீறியது இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது.

முதியவர்களின் நினைவில், ஏறத்தாழ 10 வயதிலிருந்து 30 வயது வரை நடந்தவை மற்றக் காலத்தைவிட அடர்த்தியாகவும் தெளிவாகவும் இருப்பதை உளவியலாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். நேற்று யார் வந்து போனார்கள் என்பதை மறந்துவிடும் பாட்டி, எழுபது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு சொல்லைக் குரல் மாறாமல் திருப்பிச் சொல்வதில் வியப்பில்லை. பழையதையே பேசிக்கொண்டிருக்கிறார் என்று வீட்டில் சலித்துக்கொள்கிறார்களே, அது நியாயமில்லை. ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1963இல் வெளியிட்ட கட்டுரையில், முதுமையில் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது மனம் இயல்பாகச் செய்யும் வேலை என்றும், அதை மூளைத் தளர்ச்சியின் அடையாளமாகக் கருதக் கூடாது என்றும் வாதிட்டார். கேட்க ஓர் ஆள் கிடைத்தால் அந்த வேலை அவர்களுக்கு எளிதாகிறது என்பதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

கேட்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வயதாகும்போது கீச்சென்ற மேல் ஒலிகள்தான் முதலில் காதுக்கு எட்டாமல் போகின்றன. ஆகவே கத்த வேண்டாம். முகத்துக்கு நேராக உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் நிதானமாகப் பேசுங்கள். அனுமதி பெற்றுக் கைபேசியில் பதிவு செய்யுங்கள், தொடங்கும்போதே அன்றைய தேதியைச் சொல்லிவிடுங்கள். பழைய புகைப்படத்தைக் காட்டினால், "இது யார்?" என்பதோடு நிறுத்தாமல், "அன்னிக்கு வீட்ல இருந்தும் இதுல நிக்காதவங்க யாரு?" என்றும் கேளுங்கள். எங்கள் வீட்டுப் படங்களில் இல்லாதவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகம் தெரியவந்தது. ஒரே சம்பவத்தை இரண்டு விதமாகச் சொன்னால் திருத்தாதீர்கள், இரண்டையும் எழுதுங்கள். எழுத வேண்டாம் என்று அவர் சொன்ன ஒன்றை நான் இன்றுவரை எழுதவில்லை.

ஒரு தவறு செய்தேன். தன் தங்கையின் மறைவைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது பாட்டியின் கண் கலங்கியது. நான் பதறிப்போய்ப் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டேன். அவர் அழட்டும் என்று சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தத் தங்கையைப் பற்றி அவர் மறுபடி வாய் திறக்கவே இல்லை.

குடும்ப வரைபடம் போடும்போது பெண் வழியை விட்டுவிடாதீர்கள். நம் ஒவ்வொருவருக்கும் பாட்டன் பாட்டி நால்வர், கொள்ளுப்பாட்டன் கொள்ளுப்பாட்டி எண்மர், அதற்கும் மேலே எள்ளுப்பாட்டன் எள்ளுப்பாட்டி என 16 பேர். அந்த 16 பேரில் மூன்று ஆண்களின் பெயர்தான் எனக்குத் தெரிந்திருந்தது. எட்டுப் பெண்களில் ஒருவர் பெயரும் தெரியாது. தன் அம்மாவைப் பெற்றவரின் பெயரைப் பாட்டி சொன்னபோது, அதைக் கேட்டு எழுதிக்கொள்ள உலகத்தில் கடைசியாக மிஞ்சிய இடத்தில் நான் உட்கார்ந்திருப்பதாக உணர்ந்தேன்.

ஆண்டுக் கணக்குக்கு அவரிடம் ஒரு தனி வழி இருந்தது. எந்த ஆண்டு என்று கேட்டால் தெரியாது என்பார். ஆனால் "பெரியவனுக்குப் பல் முளைச்ச சமயம்", "உங்கம்மா வயித்துல அஞ்சு மாசம்" என்று ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு பிள்ளையை அடையாளம் வைத்திருந்தார். பிள்ளைகளின் பிறந்த தேதிகள் சான்றிதழ்களில் இருந்ததால், அவற்றை முளைகளாக அடித்து, இருபது ஆண்டுக் கதையை என்னால் வரிசைப்படுத்த முடிந்தது.

அப்படி வரிசைப்படுத்தும்போதுதான் ஓர் இடைவெளி கண்ணில் பட்டது. அவருக்குத் திருமணமானதற்கும் பெரிய மாமா பிறந்ததற்கும் நடுவே நாலு ஆண்டுகள் காலியாக இருந்தன. தயங்கித்தான் கேட்டேன். "அதுக்கு முன்னாடி ஒரு பொண்ணு. பதினோரு நாள் இருந்தா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இருந்திருந்தா இப்ப எழுபத்தொண்ணு முடிஞ்சிருக்கும்" என்றார். தான் பிறந்த ஆண்டைக்கூடச் சொல்லத் தெரியாதவர், அந்தக் கணக்கை ஆண்டு தவறாமல் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். தனக்கு ஓர் அக்கா இருந்தது என் அம்மாவுக்கே தெரியாது.

ஆண் குழந்தையைச் சுமந்த தாய்மார் சிலரின் இரத்தத்தில், ஒருவருக்குப் பிரசவமாகி 27 ஆண்டுகளுக்குப் பிறகும், அந்தக் குழந்தையுடையவை எனக் கருதத்தக்க செல்கள் இருந்ததை 1996இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆண்களின் செல்களில் இருக்கும் ஒய் குரோமோசோம் என்ற மரபு இழை தாயிடம் இல்லாதது என்பதால் மகனின் செல்லை அடையாளம் காண்பது எளிது. மகளின் செல்களும் அவ்வாறே தாயின் உடலில் தங்கக்கூடும். அதைப் படித்த அன்று எனக்கு அந்தப் பதினோரு நாள் பெரியம்மாவின் நினைவுதான் வந்தது.

அவருக்குப் பெயர் வைத்திருக்கவில்லை. வரைபடத்தில் பெரிய மாமாவுக்கு முன்னால் ஒரு வெற்று வட்டம் மட்டும் போட்டேன். பாட்டி போன பிறகு, பெரிய மாமாவிடம் அதைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பென்சிலைக் கேட்டு வாங்கி, தன் பெயருக்குப் பக்கத்தில் நான் போட்டிருந்த 1ஐ அடித்துவிட்டு 2 என்று எழுதினார்.