கண் திறக்காத கண்ணன்

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு 36 வயது. கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்த நான், இப்போது கணவருடனும் மகனுடனும் திருச்சியில் வசிக்கிறேன். சினைப்பைப் புற்றுநோயால் என் அம்மா 61 வயதில் இறந்து 14 மாதங்கள் ஆகின்றன. அவர் தஞ்சாவூர் ஓவியம் வரைபவர். விடியற்காலையில் குளித்து, வாசலில் கோலமிட்டு, பாசுரம் பாடிக்கொண்டே சாக் பொடியையும் கோந்தையும் குழைப்பார். வரைவதையும் வழிபடுவதையும் அவர் வேறு வேறாக நினைத்ததே இல்லை. தெருப் பெண்கள் நான்கைந்து பேருக்குச் சனிக்கிழமைகளில் காசு வாங்காமல் கற்றுக்கொடுத்தார். உறவில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் அவர் வரைந்த படம்தான் எங்கள் வீட்டுப் பரிசு.

நோய் தெரிந்தபோது மூன்றாம் நிலை. அதற்கு முன் சில மாதங்களாகவே வயிறு உப்பலாக இருக்கிறது என்பார். இரண்டு வாய் சாப்பிட்டதும் போதும் என்பார். ஏகாதசி, சனிக்கிழமை என்று விரதம் இருந்தே பழகியவர் என்பதால், அவர் குறைவாகச் சாப்பிடுவது எனக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை.

கீமோ தொடங்கிய பிறகு அவருடைய விரல் நுனிகள் மரத்துப்போயின. வெண்ணெய்த் தாழியுடன் இருக்கும் கண்ணன் படம் ஒன்றில் தங்க ரேக்கு ஒட்டி, கல் பதித்து, வண்ணமும் தீட்டியாகிவிட்டது. கண்கள் மட்டுமே மீதி. ஒருநாள், "நீ தூரிகையைப் பிடி, நான் பக்கத்தில் இருந்து சொல்கிறேன்" என்றார். "உடம்பு தேறட்டும் அம்மா, நீயே வரையலாம்" என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

இன்று அம்மா என்றாலே முடி உதிர்ந்த தலையும் நீர் கோத்த வயிறும்தான் கண்முன் வருகின்றன. அவருடைய குரல்கூட நினைவுக்கு வர மறுக்கிறது. தலைத் திவசம் முடிந்த பிறகும் அழுதால் ஆத்மா சாந்தியடையாது என்றும், கண் திறக்காத சுவாமி படத்தை வீட்டில் வைக்காமல் காவிரியில் விட்டுவிட வேண்டும் என்றும் அத்தை சொல்கிறார். பூஜை அறைக்குள் போனாலே, அவ்வளவு நம்பியவரைக் கைவிட்ட பெருமாள் மீது கோபம்தான் வருகிறது. நான் என்ன செய்வது?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். அம்மாவின் நோய் முகம் மட்டுமே நினைவிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அவர் கோந்து குழைத்த விடியற்காலையை எழுதிய வரிகள்தான் உங்கள் கடிதத்திலேயே மிகத் தெளிவானவை. நீங்கள் அவரை இழந்துவிடவில்லை. இரவும் பகலும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்ட கடைசி மாதங்கள் முன்னால் வந்து நின்று மற்றவற்றை மறைக்கின்றன. நோயாளியை நெருங்கி இருந்து கவனித்தவர்கள் பலர் இதையே சொல்கிறார்கள்.

விரதத்தைப் பற்றிய உங்கள் உறுத்தலுக்கு முதலில் வருகிறேன். வயிற்று உப்பல், சீக்கிரமே வயிறு நிறைவது ஆகியவை இந்தப் புற்றுநோயின் அறிகுறிகள்தான். ஆனால் சாதாரண அஜீரணத்திலும் இவை உண்டு என்பதால், பெரும்பாலோருக்கு நோய் முற்றிய பிறகே தெரியவருகிறது. பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் அதிகமான பெண்களிடம் பல ஆண்டுகள் நடந்த ஆய்வின் 2021ஆம் ஆண்டு முடிவு, ரத்தப் பரிசோதனையாலும் ஸ்கேனாலும் முன்கூட்டியே தேடியும் இந்த நோயால் நேரும் மரணங்கள் குறையவில்லை என்று காட்டியது. அத்தனை ஏற்பாடுகளாலும் முடியாததை, சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தே நீங்கள் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று உங்களைத் தண்டிக்காதீர்கள். இந்த நோய் சில குடும்பங்களில் மரபணு வழியாகவும் வரக்கூடும் என்பதால், உங்களுக்காக ஒருமுறை புற்றுநோய் மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள்.

அன்று தூரிகையை வாங்கிக்கொள்ள மறுத்தது, அம்மா பிழைத்துவிடுவார் என்று உறுதியாக நம்பிய மகள். அவர் இறந்துவிட்டார் என்று இன்று அறிந்த நீங்கள், அந்த அறிவே இல்லாதிருந்த அன்றைய மகளிடம் கணக்குக் கேட்கிறீர்கள். கீமோ மருந்துகளில் சில நரம்பு முனைகளைப் பாதித்து விரல்களை மரத்துப்போகச் செய்யும். மெல்லிய தூரிகையைப் பிடித்தே வாழ்ந்தவருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை எண்ணிப் பார்க்கிறேன். தன் கைக்கு இனி வராது என்று உணர்ந்துதான் உங்கள் கையை அவர் கேட்டிருக்கலாம். அப்படியானால் அந்த அழைப்பு இன்னும் காலாவதியாகவில்லை.

கல்யாணப் பரிசாகப் போன அந்தப் படங்கள் இருக்கும் வீடுகளுக்கு, மகனையும் அழைத்துக்கொண்டு, மாதம் ஒன்றாகப் போய் வாருங்கள். படத்தைக் கொடுத்தபோது அம்மா என்ன சொன்னார், என்ன உடுத்தியிருந்தார், யாரிடம் சிரித்துப் பேசினார் என்று கேட்டு, அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே ஒரு நோட்டில் எழுதுங்கள். சனிக்கிழமை மாணவிகளிடம், எந்தத் தவறை அம்மா பொறுத்துக்கொள்ளவே மாட்டார் என்று கேளுங்கள். அவருடைய குரல் பெரும்பாலும் அங்கிருந்துதான் திரும்பி வரும். இறந்தவரை மறந்தால்தான் துக்கம் தீரும் என்ற பழைய எண்ணத்தை 1990களிலேயே டென்னிஸ் கிளாஸ் போன்ற ஆய்வாளர்கள் மறுத்தார்கள். அவருடனான உறவு வேறு வடிவில் தொடர்வது இயல்பானது என்றார்கள். ஆண்டுதோறும் பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைக்கும் நமக்கு இது புதிய செய்தி அல்ல என்பதை அத்தையிடம் மரியாதையாகவே சொல்லலாம்.

பெருமாள் மீதுள்ள கோபத்துக்காக வெட்கப்படாதீர்கள். உங்கள் அம்மா பாடிய பாசுரங்களைத் தந்த ஆழ்வார்களும் அவனிடம் ஊடியும் முறையிட்டும் பாடியவர்கள்தான். கும்பிடத் தோன்றாத நாளில் கும்பிட வேண்டாம். அம்மா விளக்கேற்றிய இடத்தில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தால் போதும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஓராண்டு கடந்த பின்னும் அன்றாட வேலைகளைச் செய்ய முடியாத அளவுக்கு ஏக்கம் நாள்தோறும் வாட்டினால், அதை நீடித்த துக்கக் கோளாறு என்று மனநல மருத்துவர்கள் தனியாக அடையாளம் காண்கிறார்கள். அதற்குச் சிகிச்சை உண்டு. தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் நேரில் ஒரு மருத்துவரைப் பாருங்கள். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், அந்த நிமிடமே கணவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவிக்கான இலவச எண்ணையும் அழையுங்கள்.

படத்தைக் காவிரியில் விட வேண்டாம். நீங்கள் கண் திறக்கலாம், மாணவிகளில் ஒருவர் திறக்கலாம், அப்படியே இருக்கவும் விடலாம். எதையும் இந்த ஆண்டே முடிவு செய்ய வேண்டியதில்லை. ஈரம் பட்டால் சாக் பொடிப் பூச்சு விரிசல் விடும் என்பதால், இப்போதைக்குச் சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, சுவரில் சாய்க்காமல், காய்ந்த அலமாரியில் படுக்கவைத்து வையுங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்