கணினிக் கேள்வி – பதில்: எட்டுக் கணினியில் இணையத் தமிழ்

கேள்வி: எங்கள் ஆய்வுகூடத்தில் நான்கு கோர், 8 ஜிபி ரேம் கொண்ட எட்டுக் கணினிகள் இருக்கின்றன. அவற்றை இணைத்து, இணையப் பக்கங்களைத் திரட்டி எல்லோருக்கும் இலவசமாகத் தரும் காமன் க்ரோலின் திரட்டிலிருந்து தமிழ்ப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுக்க முடியுமா?
– மாணவி, அறிவியல் நகர், கிளிநொச்சி

பதில்: தாராளமாக முடியும். ஆனால் உங்களுக்குத் தடையாக இருக்கப்போவது கோர்கள் அல்ல, இணைய இணைப்பு. 20 மெகாபிட் வேகத்தில் ஒரு டெராபைட் இறக்கவே நாலரை நாளுக்கு மேல் செல்லும். ஒரு தவணைத் திரட்டோ அதைவிடப் பல மடங்கு. முழுவதையும் இறக்கி வடிக்கும் எண்ணத்தை விடுங்கள்.

2018 முதல் காமன் க்ரோலின் இன்டெக்ஸில், அதாவது எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணையில், பக்கங்களின் மொழியும் குறிக்கப்படுகிறது. தமிழ் என்று குறித்த வரிகளில் கோப்பின் பெயர், பதிவு தொடங்கும் இடம், நீளம் ஆகிய மூன்றையும் எடுங்கள். பக்கங்களைப் பதிவுகளாக அடுக்கி வைத்திருக்கும் வார்க் கோப்பில் ஒவ்வொரு பதிவும் தனித்தனியாக ஜிசிப் முறையில் சுருக்கப்பட்டிருப்பதால் அந்தப் பைட்டுகளை மட்டும் கேட்டு வாங்கலாம். இன்டெக்ஸும் பெரியது, அதைத் தேடும் வேலையை மட்டும், தரவு கிடக்கும் அமேசானின் வட வர்ஜீனியா நிலையத்தில் சிறு சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து முடியுங்கள்.

கிடைத்த பட்டியலை ஆயிரம் வரித் துண்டுகளாக வெட்டி, வேலைகளைப் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் குனூ பாரலல் மென்பொருள் மூலம் பகிருங்கள். கணினிக்கு இரண்டு வேலைகளில் தொடங்குங்கள். கோரிக்கைகள் குவிந்தால் சர்வர் 503 (இப்போது முடியாது) என்று திருப்பிவிடும். அப்போது 2, 4, 8 விநாடி என்று இடைவெளியைக் கூட்டிக் கேளுங்கள்.

கரண்ட் போகும் என்று எண்ணியே எழுதுங்கள். வெளியீடு தற்காலிகப் பெயரில் இருக்கட்டும். முழுதாக முடிந்த பிறகே சரியான பெயர். இல்லாவிட்டால் பாதிக் கோப்பை முழுக் கோப்பென்று நம்பி அடுத்த படிக்குப் போய்விடுவீர்கள், பிழைச்செய்தியும் வராது. குனூ பாரலலில், முடிந்த வேலைகளைக் குறித்துவைக்கும் ஜொப்லொக், விட்ட இடத்திலிருந்து தொடரும் ரெசியூம் ஆகிய தெரிவுகளைப் போட்டால் முடியாத துண்டுகள் மட்டும் மறுபடி ஓடும்.

இரட்டைப் பக்கங்களைக் களைய எல்லாவற்றையும் ஒரே கணினியின் ரேமில் ஏற்றாதீர்கள். உரையிலிருந்து கணக்கிடும் அடையாளக் குறியீடான ஹாஷில், 0–9, a–f என்ற பதினாறில் ஒன்றாக வரும் முதற் குறியை வைத்து 16 பகுதிகளாக்கி, கணினிக்கு இரண்டு கொடுங்கள். ஒரே உரை எப்போதும் ஒரே பகுதியில்தான் விழும். கணினிகள் ஒன்றையொன்று கேட்கத் தேவையில்லை.

கேள்வி: இப்படி எடுத்தால் பழைய ஈழத்துத் தளங்கள் பல வருவதில்லையே, ஏன்?
– வாசகர், முல்லைத்தீவு

பதில்: பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டிய பக்கங்களில் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். திரையில்தான் அவை தமிழ். மொழியறி மென்பொருள் அவற்றைத் தமிழாகக் கொள்ளாது. தெரிந்த தளங்களின் முகவரிகளைக் கொடுத்து அவற்றைத் தனியாக எடுங்கள். எச்டிஎம்எல்லில் எழுத்துருப் பெயர் குறித்த பகுதியை மட்டும் யுனிகோடுக்கு மாற்றுங்கள். முழுப்பக்கத்தையும் மாற்றினால் உண்மையான ஆங்கிலச் சொற்களும் குலைந்துவிடும். வெறும் உரையாகத் தரப்படும் வெட் கோப்புகளில் எழுத்துருப் பெயர் இராது, அவை இதற்கு உதவா. இந்த மாற்றத்தை இரட்டை களைவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.