ஸ்பொன்சர் பைல் நடக்கும்போது கல்யாணம்: கேள்வி பதில்

கனடாவில் துணைக்கு ஸ்பொன்சர் போட்டுவிட்டோ, தங்களுக்கே பி.ஆர் (நிரந்தர வதிவிடம்) போட்டுவிட்டோ காத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நான் ரொறன்ரோவில் குடிவரவு ஆலோசகராக வேலை செய்கிறேன். உங்கள் பைலை நேரில் பார்க்காமல் பொதுச் சட்டத்தைத்தான் சொல்ல முடியும். பைல் நடக்கும்போது கல்யாணம் கட்ட இங்கே தடை இல்லை. என்னிடம் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை, கட்டியதைக் கனடியக் குடிவரவுத் திணைக்களமான ஐஆர்சிசிக்குச் சொல்லாமல் விட்டதால் வந்தவை. ஒரு வகை பைலில் மட்டும் கல்யாணமே பைலை முடித்துவிடும். அதற்குக் கீழே விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஸ்காபரோ: அக்கா, நானும் அவரும் இரண்டு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். காமன்-லோ (கட்டாமலே ஒரு வருடமாவது சேர்ந்து வாழும் துணை) என்று போட்ட ஸ்பொன்சர் நடக்கிறது. இப்போது வீட்டில் கோயிலில் வைத்துக் கட்டச் சொல்கிறார்கள். கட்டினால் பைல் முதலிலிருந்து தொடங்குமா?

தொடங்காது, தங்கச்சி. கணவன் மனைவி, காமன்-லோ துணை இரண்டும் ஒரே வகுப்புக்குள்தான் வருகின்றன. கட்டிய பிறகு ஐஆர்சிசியின் வெப்ஃபோர்மில் (இணையப் படிவத்தில்) விண்ணப்ப எண்ணைப் போட்டு, இன்ன தேதியில் திருமணம் நடந்தது என்று எழுதி, சான்றிதழை இணைத்து அனுப்புங்கள்.

அந்தச் சான்றிதழில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஒன்ராறியோவில் முதலில் நகரசபையில் மரிஜ் லைசன்ஸ் எடுக்க வேண்டும். அது 90 நாளுக்குத்தான் செல்லும். கட்டி வைக்கும் ஐயர், திருமணம் நடத்துவதற்கு மாகாண அரசிடம் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். எல்லா ஐயரும் அப்படி இல்லை, மண்டபத்துக்கு முற்பணம் கொடுக்க முன்னமே கேட்டுவிடுங்கள். அவர் பதிவு இல்லாதவர் என்றால் நகரசபையில் சிவில் திருமணத்தை முடித்துவிட்டு, கோயில் சடங்கை அவரோடு வைக்கலாம். சடங்கு முடிந்ததும் கையில் தரும் தாள் சான்றிதழ் ஆகாது. கையெழுத்திட்ட லைசன்ஸ் மாகாணத்துக்குப் போய்ப் பதிவான பிறகு, சேர்விஸ்ஒன்ராறியோவில் காசு கட்டி எடுப்பதுதான் சான்றிதழ். அது வரும்வரை காத்திருக்க வேண்டாம். கல்யாணம் நடந்த செய்தியை முதலில் அனுப்புங்கள், சான்றிதழைப் பிறகு அனுப்பலாம்.

கல்யாணம் ஆகிவிட்டதே என்று ஒரே முகவரி வந்த பில், வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு எதையும் தூக்கி எறியாதீர்கள். நீங்கள் விண்ணப்பம் போட்டது காமன்-லோ என்று. போட்ட நாளில் ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்திருந்தீர்களா என்று அதிகாரி இன்னமும் கேட்கலாம்.

பிரம்டன்: மேடம், நாங்கள் பத்து மாதம் சேர்ந்து இருந்தபோதே காமன்-லோ போட்டுவிட்டோம். இப்போது ரெஜிஸ்டர் மேரேஜ் செய்தால் அந்தக் குறை சரியாகிவிடுமா?

ஆகாது. தகுதியை விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாளில் வைத்துத்தான் பார்ப்பார்கள். அன்றைக்கு உங்களுக்குள் கல்யாணமும் இல்லை, பன்னிரண்டு மாதமும் இல்லை. கட்டிவிட்டு, இந்த விண்ணப்பத்தை மீளப் பெற்று, கணவன் மனைவியாகப் புதிதாகப் போடுவதே நல்லது. நிராகரிப்பு வரும்வரை காத்திருந்தால் போவது உங்கள் காலம்தான். கனடாவுக்குள் இருந்து போடும் வகுப்பில் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகும் உரிமையும் இல்லை.

யாழ்ப்பாணம்: மாப்பிள்ளை கனடா. போன மாதம் எழுத்து (பதிவுத் திருமணம்) முடிந்தது. தாலி கட்டுவது அடுத்த வருடம் ஆவணியில். அதுவரை விசிட் விசாப் படிவத்தில் 'திருமணமாகாதவர்' என்று போடலாமா?

வேண்டாம் பிள்ளை. பதிவாளர் முன் இருவரும் கையெழுத்துப் போட்ட நிமிடமே நீங்கள் சட்டப்படி மனைவி. ஊர் என்ன சொன்னாலும், ஆவணியில் வரும் கல்யாணத்தைத்தான் எல்லோரும் 'உண்மையான கல்யாணம்' என்று நினைத்தாலும், படிவத்தில் வரவேண்டிய தேதி எழுத்துத் தேதிதான். ஸ்பொன்சர் படிவத்தில் எழுத்துக்கும் சடங்குக்கும் இடையில் ஏன் இவ்வளவு இடைவெளி என்று விளக்கி நாலு வரி எழுதுங்கள். யாழ்ப்பாண வழக்கம் எல்லா அதிகாரிக்கும் தெரிந்திருக்காது. எழுத்துக்கு இரண்டு வீட்டாரும் வந்திருந்த படங்களையும் வையுங்கள். இரண்டு சாட்சி மட்டும் நிற்கும் ஒரே ஒரு படத்தைக் கண்டால், குடும்பத்துக்குத் தெரியாமல் பேப்பருக்காகக் கட்டியதோ என்ற சந்தேகம் வரும்.

பொய்யாகப் போட்டு அது பிடிபட்டால் தவறான தகவல் தந்ததற்காக ஐந்து வருடத் தடை வரலாம். ஒரு விசிட் விசாவுக்காக ஸ்பொன்சரையே பணயம் வைக்காதீர்கள்.

மார்க்கம்: அம்மா அப்பாவுக்கு நான் ஸ்பொன்சர் போட்டபோது தங்கைக்கு 20 வயது, அதனால் அவளும் பைலில் இருக்கிறாள். இப்போது 23. நல்ல வரன் வந்திருக்கிறது. எழுத்தை மட்டும் இரகசியமாக முடித்துவிட்டு, அவள் வந்து இறங்கிய பிறகு மாப்பிள்ளையைக் கூப்பிடலாம் என்கிறார் பெரியப்பா.

தம்பி, இதை உங்கள் வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள். தங்கிவாழும் பிள்ளை என்றால் 22 வயதுக்குக் கீழே, கணவனோ காமன்-லோ துணையோ இல்லாதவர். வயதை விண்ணப்பம் போட்ட நாளோடு நிறுத்திவிடுவார்கள், ஆகவே 23 ஆனது பிரச்சினை இல்லை. ஆனால் கல்யாணமாகாத நிலை அவள் பி.ஆர் ஆகும் நாள் வரைக்கும் தொடர வேண்டும். எழுத்து முடிந்த நாளோடு அவள் அந்த பைலில் இருக்கும் தகுதியை இழக்கிறாள்.

மறைத்து வந்து இறங்கினால் இரண்டு அடி விழும். முதலாவது, குடிவரவு ஒழுங்குவிதிகளில் 117(9)(d) என்ற பிரிவு. பி.ஆர் ஆகும்போது அறிவிக்காமலும் பரிசோதிக்கப்படாமலும் விட்ட கணவனையோ பிள்ளையையோ பிறகு குடும்ப வகுப்பில் ஸ்பொன்சர் செய்ய முடியாது. அந்தத் தடைக்குக் காலாவதி கிடையாது. 2019 செப்டம்பரில் ஒரு சலுகைத் திட்டம் வந்தது, அதைப் பார்த்துத்தான் பலர் 'இப்போ பரவாயில்லை' என்று சொல்கிறார்கள். அந்தச் சலுகை, அறிவித்திருந்தாலும் தகுதி போயிருக்காது என்பவர்களுக்குத்தான். உங்கள் தங்கை அறிவித்திருந்தால் தகுதியே போயிருக்கும், ஆகவே அது அவளுக்கு உதவாது. இரண்டாவது, மாப்பிள்ளைக்கு ஸ்பொன்சர் போடும்போது அவள் கொடுக்கும் திருமணச் சான்றிதழில் உள்ள தேதியே அவளுடைய பி.ஆரைப் பறிக்கும் சாட்சியாகிவிடும்.

நிச்சயம் செய்து வைக்கலாம். நிச்சயம் கல்யாணம் ஆகாது. வந்து இறங்கி, பி.ஆர் ஆகி, திரும்பிப் போய்க் கட்டி, பிறகு கூப்பிடட்டும். மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்க மாட்டோம் என்றால், பைலிலிருந்து விலகிக் கட்டுவதும் அவள் எடுக்கக்கூடிய முடிவுதான். ஆனால் அந்த முடிவை அவளே எடுக்க வேண்டும், பெரியப்பா அல்ல.

சென்னை: மேடம், எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் (திறமையுள்ள தொழிலாளர்களுக்கான குடிவரவு வழி) பி.ஆர் அப்ரூவ் ஆகிவிட்டது, இன்னும் லேண்ட் ஆகவில்லை, அதாவது கனடாவில் இறங்கி பி.ஆர் ஆகவில்லை. அடுத்த மாதம் கல்யாணம். தாலி கட்டிவிட்டு, ரெஜிஸ்டர் பண்ணாமல் சிங்கிளாகவே லேண்ட் ஆகலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

இல்லவே இல்லை. இந்து திருமணச் சட்டப்படி சடங்கோடு நடந்த கல்யாணம் பதிவு இல்லாவிட்டாலும் கல்யாணம்தான். தமிழ்நாட்டில் 7ஏ பிரிவின்படி நடக்கும் சுயமரியாதைத் திருமணத்துக்கும் அதே மதிப்பு. பதிவு செய்வது அதற்கான ஆதாரம். விசா வந்த பிறகு குடும்ப நிலை மாறியிருந்தால் லேண்ட் ஆகும்போது அதைச் சொல்ல வேண்டும் என்பது சட்டம்.

உங்களுக்கு நேர்வழி இரண்டு உண்டு. கல்யாணத்துக்கு முன்னமே வந்து உண்மையான சிங்கிளாக லேண்ட் ஆகி, திரும்பிப் போய்க் கட்டி, கனடாவில் வசித்துக்கொண்டு மனைவிக்கு ஸ்பொன்சர் போடலாம். பி.ஆர் மட்டும் உள்ளவர் கனடாவுக்கு வெளியே இருந்து ஸ்பொன்சர் செய்ய முடியாது, நினைவிருக்கட்டும். இல்லையென்றால் கட்டிவிட்டு, லேண்ட் ஆகாமல், உடனே ஐஆர்சிசிக்கு அறிவித்து மனைவியையும் பைலில் சேருங்கள். அவருக்கு மெடிக்கல், போலீஸ் சான்றிதழ், கட்டணம் எல்லாம் வரும், தாமதமும் வரும். அவர் இப்போது உங்களோடு வராவிட்டாலும் 'உடன் வராதவர்' என்று காட்டி மெடிக்கல் செய்தே ஆக வேண்டும். கல்யாணத் தேதி அடுத்த மாதம் என்பதால், விமான டிக்கெட் கிடைத்தால் நான் முதல் வழியைத்தான் சொல்வேன்.

அஜாக்ஸ்: அவர் கொழும்பில், நான் இங்கே. ஸூமில் கட்டி ஸ்பொன்சர் போடலாமா?

முடியாது. 2015 ஜூன் 11க்குப் பிறகு, இருவரும் ஒரே இடத்தில் நேரில் இல்லாமல் தொலைபேசி, இணையம், பிரதிநிதி வழியாக நடந்த கல்யாணத்தைக் குடிவரவுக்கு ஏற்பதில்லை. கனடிய இராணுவத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

மொன்றியல்: எனக்கு அகதியாகப் பாதுகாப்புக் கிடைத்துவிட்டது, பி.ஆர் விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது. ஊரில் பெண் பார்த்திருக்கிறார்கள். யாழ்ப்பாணம் போய்க் கட்டிவிட்டு வரலாமா?

தயவுசெய்து போகாதீர்கள், அண்ணா. எந்த நாட்டுக்கு எதிராகப் பாதுகாப்புக் கேட்டீர்களோ அந்த நாட்டுக்கே போய்வந்தால், பாதுகாப்பை நீக்கச் சொல்லி அரசு மனுப் போடலாம். 2012 டிசம்பருக்குப் பிறகு, பி.ஆர் கிடைத்தவர்களுக்குக்கூட அந்த மனு வென்றால் பி.ஆரும் சேர்ந்து போகலாம். இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பிப்பதும் அதே ஆபத்துத்தான். குடியுரிமை எடுக்கும்வரை இந்தப் பயம் இருக்கட்டும்.

இதனால்தான் நம் ஆட்கள் பலர் திருச்சியிலும் சென்னையிலும் மண்டபம் எடுக்கிறார்கள். கனடிய அகதிப் பயண ஆவணமும் இந்திய விசாவும் கிடைத்தால் நீங்களும் அப்படிச் செய்யலாம். ஆனால் அங்கே பதிவை எப்படி முடிப்பது என்று பத்திரிகை அடிக்க முன்னமே ஒரு இந்திய வழக்கறிஞரிடம் கேளுங்கள். சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவதென்றால் இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாள் தங்கியிருக்க வேண்டும், அறிவித்தல் கொடுத்து இன்னொரு 30 நாள் காத்திருக்க வேண்டும். இரண்டு கிழமை லீவில் அது நடக்காது. கட்டியதும் உங்கள் பி.ஆர் முடிய முன்னர் மனைவியின் பெயரை அந்த விண்ணப்பத்தில் சேர்த்துவிடுங்கள். தாமதித்தால் மேலே சொன்ன 117(9)(d) உங்கள் மேலும் விழும்.

மிசிசாகா: கனடாவுக்குள் போட்ட ஸ்பொன்சர் பைல், வேர்க் பெர்மிட் இருக்கிறது. கல்யாணத்துக்குக் கோயம்புத்தூர் போய்வரலாமா?

வேர்க் பெர்மிட் திரும்பி உள்ளே வரும் விசா ஆகாது. கடவுச்சீட்டில் இருக்கும் விசிட்டர் விசா செல்லுபடியாகிறதா என்று பாருங்கள். பெர்மிட் முடிந்து, நீட்டிப்புக் கேட்டுவிட்டு அந்தப் பதிலுக்காகக் காத்திருக்கும் காலம் என்றால் வெளியே போகாதீர்கள். திரும்பி வர விடாவிட்டால், இந்த வகுப்பில் கனடாவுக்குள் சேர்ந்து வாழ வேண்டும் என்ற நிபந்தனையே உடைந்துவிடும். சந்தேகம் இருந்தால் இங்கே கட்டிவிட்டு, பி.ஆர் வந்தபின் ஊரில் வரவேற்பு வையுங்கள்.

ஒட்டாவா: கட்டியதும் அவருடைய பெயரை என் பெயரோடு சேர்த்துக் கடவுச்சீட்டை மாற்றட்டுமா?

பி.ஆர் வரும்வரை மாற்றாதீர்கள். நம் பெயர்களில் அப்பாவின் பெயர் முன்னே வருவதாலேயே படிவங்களில் போதுமான குழப்பம் இருக்கிறது. ஏற்கெனவே மாற்றிவிட்டால் புதிய கடவுச்சீட்டின் பிரதியை வெப்ஃபோர்மில் உடனே அனுப்புங்கள்.

கிச்சனர்: எனக்கு முதல் கல்யாணம் இலங்கையில், விவாகரத்தும் அங்கேதான். பார்ட்னரோடு காமன்-லோ பைல் நடக்கிறது, இங்கே லைசன்ஸ் எடுக்கப் போனால் தரமாட்டோம் என்கிறார்கள்.

வெளிநாட்டு விவாகரத்து என்றால் ஒன்ராறியோவில் முதலில் மாகாணத்தின் அனுமதி வேண்டும். அதற்கு ஒன்ராறியோ சட்டத்தரணி ஒருவர் எழுதும் சட்டக் கருத்துக் கடிதமும், விவாகரத்துத் தீர்ப்பின் சான்றுப் பிரதியும், தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் மொழிபெயர்ப்பும் தேவை. அதற்கு நேரம் எடுக்கும், மண்டபத் தேதியை அதற்குப் பிறகு வையுங்கள். அதே தீர்ப்பை ஸ்பொன்சர் பைலுக்கு ஏற்கெனவே கொடுத்தீர்களா என்றும் பாருங்கள். கொடுக்கவில்லை என்றால் இன்றைக்கே அனுப்புங்கள்.