கேளுங்கள், சொல்கிறோம்: கிட் கப்பலில் பலகை, பாலிஷ், செம்பு, கயிறு

1:64 அளவில் ஒரு மரக் கப்பல் கிட் (துண்டுகளாக வாங்கிச் சேர்க்கும் மாதிரிக் கப்பல்) செய்கிறேன். உடலை மூடும் முதல் அடுக்கு மரப் பட்டைகள் நடுவில் ஒழுங்காக உட்காருகின்றன. அணியத்துக்கு (முன்முனைக்கு) வந்ததும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. காய்ந்த பிறகு வேறு சில இடங்களில் இடைவெளி விழுந்துவிட்டது. தண்ணீரில் ஊறவைத்து, வளைத்துத்தான் ஒட்டினேன். எங்கே தவறு?
— வாசகர், மதுரை

இரண்டு தவறுகள் சேர்ந்துவிட்டன. முதலாவது, பட்டையை முழு அகலத்தோடு முனைவரை கொண்டுபோனது. கப்பலுக்கு வயிறு அகலம், மூக்கு குறுகல். ஒரு காகிதப் பட்டையை எடுத்து, நடு பல்க்ஹெட்டின் (உடலுக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டத்தின்) ஓரத்தில் மேல்தளத்திலிருந்து கீல் (அடியில் முதுகெலும்பாக ஓடும் கட்டை) வரை ஒட்டிப் பிடித்துக் குறியுங்கள். 90 மி.மீ. வந்தால் 5 மி.மீ. பட்டை 18 வேண்டும். முன்பக்கத்து முதல் பல்க்ஹெட்டில் அதே அளவு 54 மி.மீ.தான் என்றால், அந்த 18 பட்டையும் அங்கே தலைக்கு 3 மி.மீ. ஆகியிருக்க வேண்டும். இடையிலுள்ள பல்க்ஹெட்டுகளிலும் இப்படியே அளந்து வகுத்துக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு பட்டையையும் ஒட்டும் முன்பே சிறு இழைப்புளியால் சீவிக் குறுக்குங்கள்.

நுனி பாதி அகலத்துக்குக் கீழே, அதாவது 2.5 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது. அவ்வளவு மெலிந்த நுனி வளைக்கும்போதே பிளந்துவிடும். கணக்கில் அப்படி வந்தால், அடுத்தடுத்த இரண்டு பட்டைகளில் ஒன்றை முனைக்கு முன்பே ஒரு பல்க்ஹெட்டின் மேல் நிறுத்தி, மற்றதை அந்த இடத்துக்கும் சேர்த்து அகலமாக வெட்டுங்கள். பின்பக்கம் கீலை ஒட்டி இதற்கு நேர்மாறாக இடம் விரியும். அங்கே பட்டையை இழுத்து வளைத்து நிரப்பப் பார்க்காதீர்கள். ஆப்பு வடிவத் துண்டு செருகுங்கள்.

இரண்டாவது தவறு ஈரம். மரம் காயும்போது நீளத்தில் அநேகமாகச் சுருங்காது, அகலத்தில் சுருங்கும். ஊறிய பட்டையைப் பக்கத்துப் பட்டையோடு நெருக்கி ஒட்டினால், காய்ந்ததும் இடைவெளி விழத்தான் செய்யும். 1.5 மி.மீ. லைம் மர (எலுமிச்சை அல்ல, லிண்டன்) பட்டைக்கு வெந்நீரில் 20 முதல் 30 நிமிடம் போதும். வளைத்துக் கிளிப் போட்டு, ஓர் இரவு காயவிட்டு, மறுநாள் ஒட்டுங்கள்.

பல்க்ஹெட் ஓரங்களைச் சாய்வாகத் தேய்த்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு பட்டையை ஒட்டாமல் மூன்று நான்கு பல்க்ஹெட்டுகளின் மேல் படுக்கவைத்துப் பாருங்கள். ஓரத்தின் முழுத் தடிமனிலும் அது படிய வேண்டும். ஒரு முனையில் மட்டும் தொட்டால் இன்னும் தேய்க்க வேண்டும். அணியத்தில் முதல் இரண்டு பல்க்ஹெட்டுகளுக்கு நடுவே லேசான பால்சா மரக் கட்டை வைத்து உருவத்துக்குத் தேய்த்துவிட்டால், வளைவில் பட்டைக்கு முழுப் பிடிமானம் கிடைக்கும். பட்டைகளை இடம் ஒன்று, வலம் ஒன்று என்று மாற்றி மாற்றி ஒட்டுங்கள். ஒரே பக்கமாகப் போனால் கீல் வாழைப்பழம் போல வளைந்துவிடும், பிறகு நிமிர்த்த முடியாது.

ஒட்டியதைப் பிடுங்க வேண்டாம். உங்கள் கிட்டில் மேலே இரண்டாவது அடுக்கு வருமென்றால் இது மறைந்துவிடும். இடைவெளியில் மெல்லிய மரச் சிம்பு செருகி, மிச்சத்துக்கு லப்பம் போட்டு, 120, 180 என்று உப்புத்தாள் பிடியுங்கள். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு கைக்குத் தெரியும். அந்த மேட்டை விட்டுவைத்தால், மேலே இரண்டாவது அடுக்காக வரும் 0.5 மி.மீ. வால்நட் மரப் பட்டை அப்படியே அதை எடுத்துக்காட்டும்.

வால்நட் அடுக்கு முடித்து வார்னிஷ் அடித்ததும் ஆங்காங்கே வெளிறிய திட்டுகள். வார்னிஷ் கெட்டுப்போனதா?
— வாசகி, கோவை

வார்னிஷில் குறையில்லை. பசை கசிந்த இடங்களை அது காட்டிக்கொடுத்திருக்கிறது. வெள்ளை மரப்பசையோ சூப்பர் குளூவோ மரத்தின் துளைகளை அடைத்துவிட்டால் வார்னிஷ் உள்ளே இறங்காது. திட்டு உள்ள இடத்தில் கட்டர் பிளேடைச் செங்குத்தாக நிறுத்தி, நார் போகும் திசையில் மெல்லச் சுரண்டுங்கள். பிறகு 320 உப்புத்தாள், மறுபடி வார்னிஷ். 0.5 மி.மீ. மரம் என்பதால் முரட்டுத் தாள் வேண்டவே வேண்டாம். அடி அடுக்கு வெளியே வந்துவிடும். அசிட்டோன் சூப்பர் குளூவைக் கரைக்கும்தான், ஆனால் ஓரத்தில் இறங்கிப் பட்டையையே கழற்றிவிடும்.

அடுத்த முறை, வார்னிஷுக்கு முன் டர்பன்டைனில் நனைத்த துணியால் முழுவதும் ஒருமுறை துடையுங்கள். பசை இருக்கும் இடம் ஈரத்திலேயே வெளிறித் தெரியும். முதல் பூச்சாக அரக்கு பாலிஷை ஸ்பிரிட்டில் பாதிக்குப் பாதி கலந்து அடிப்பது நல்லது. மழை நாளில் மட்டும் வேண்டாம், ஈரம் சிக்கி வெள்ளை பூத்துவிடும். பளபளப்பு வார்னிஷைவிட மேட் வார்னிஷே சிறிய அளவுக் கப்பலுக்குப் பொருந்தும். டேனிஷ் ஆயில், ஆளிவிதை எண்ணெய் போன்றவற்றைத் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவையுங்கள்.

1:72 விக்டரியின் (பழைய பிரிட்டிஷ் போர்க்கப்பல்) அடிப்பாகத்துக்குச் செம்புத் தகடு ஒட்ட வேண்டும். கடையில் தனியாகக் கிடைக்கும் தகடுகளில் ஆணித்தலைகள் பெரிது பெரிதாக இருக்கின்றன. சரிதானா?
— வாசகர், சென்னை

இந்த அளவுக்கு அது மிகை. 1765இல் நீரில் இறங்கிய விக்டரிக்கு 1780இல்தான் செம்பு போட்டார்கள். தகடு 4 அடி நீளம், 14 அங்குல அகலம். 1:72இல் அது ஏறத்தாழ 17 மி.மீ. நீளம், 5 மி.மீ. அகலம். நிஜக் கப்பலில் ஆணிகளைத் தகட்டோடு சமமாக அடித்திருப்பார்கள், மேடு தெரியாது. ஸ்டெயின்டு கிளாஸ் வேலைக்கு விற்கும் 5 மி.மீ. ஒட்டும் காப்பர் டேப்பை 17 மி.மீ. துண்டுகளாக வெட்டினாலே போதும். கீலின் பின்முனையில் தொடங்கி முன்னோக்கி வாருங்கள். முன் தகட்டின் ஓரம் பின் தகட்டின் மேல் ஏற வேண்டும். ஓடும் நீர் தகட்டைக் கிளப்பாதிருக்க நிஜக் கப்பலிலும் அப்படித்தான். ஒட்டும்போது பருத்திக் கையுறை போடுங்கள். வியர்வைக் கைரேகை ஒரு மாதத்தில் கறுப்பாக எழும்பும். வார்னிஷ் பூசாமல் விட்டால் செம்பு தானே பழுப்பேறும். அது அழகாகவே இருக்கும்.

பாய்மரத்தின் பக்கக் கயிறுகளில் ஏணிப்படிக் கயிறு கட்டும்போது பக்கக் கயிறுகள் நடுவில் உள்ளே இழுபட்டுவிடுகின்றன.
— வாசகர், திருநெல்வேலி

முடிச்சை இறுக்குவதால் வருவது. நிஜக் கப்பலில் படிகளுக்கு நடுவே 15 அங்குல இடைவெளி என்றால் 1:64இல் 6 மி.மீ.; அந்தக் கணக்கில் கோடு போட்ட அட்டையைக் கயிறுகளுக்குப் பின்னால் நிறுத்துங்கள். முதலில் ஐந்துக்கு ஒரு படி கட்டி, ஓரக் கயிறு நேராக நிற்கிறதா என்று பார்த்த பிறகு நடுவிலுள்ளவற்றைக் கட்டுங்கள். முடிச்சைக் கயிறு நகராத அளவுக்கு மட்டும் இழுத்து, தண்ணீர் கலந்த மரப்பசையை ஊசிமுனையால் ஒரு சொட்டு வைத்து, காய்ந்ததும் வெட்டுங்கள். சூப்பர் குளூ வைத்தால் கயிறு கம்பியாக விறைத்து, வெள்ளையும் பூக்கும்.