தொட்டால் சுரீரென்கிறது

கேள்வி: குளிரூட்டி பூட்டிய அறையில் அம்பிளிபயரின் குமிழைத் தொட்டால் விரலில் சுரீரென்று அடித்து, ஒலிபெருக்கியிலும் ‘டக்’ என்ற சத்தம் கேட்கிறது. வயரிங்கில் பிழையா?
– வாசகர் ஒருவர், கொக்குவில்

பதில்: ஒரு தடவை அடித்துவிட்டு, உடனே மீண்டும் தொடும்போது ஒன்றும் தெரியவில்லையென்றால் அது பெரும்பாலும் நிலைமின்னே. கடற்காற்றின் ஈரப்பதன் மிக்க யாழ்ப்பாணத்தில் இது அவ்வளவாகத் தெரிவதில்லை; ஆனால் குளிரூட்டி அறையின் ஈரத்தை வடித்துவிடுவதால், செயற்கை இழைக் கம்பளத்தில் நடக்கும்போதும் பிளாஸ்டிக் கதிரையிலிருந்து எழும்போதும் உடலில் ஏறும் மின்னேற்றம் எளிதில் கசிந்து போகாமல் தங்கிவிடுகிறது. விரல் உணரும் அளவுக்கு அடிக்க ஏறத்தாழ 3000 வோல்ற் வேண்டும். அதிலுள்ள ஆற்றல் சொற்பமாதலால் நமக்கு ஆபத்தில்லை. எனினும் நுண்ணிய சில மின்னணுப் பாகங்கள் 100 வோல்ற்றிலேயே பழுதாகக்கூடும் என்பதால் அம்பிளிபயரின் பின்புறத் துளைகளை வெறுங்கையால் தொடாதீர்கள். கம்பளத்தை எடுத்துவிட்டுப் பருத்தி விரிப்பைப் போடுங்கள். குமிழுக்குக் கை போகுமுன், புவித்தொடுப்புள்ள (‘எர்த்’ வயரால் நிலத்தோடு இணைந்த) உலோகமொன்றை வீட்டுத் திறப்பின் நுனியால் தொட்டால், பொறி திறப்பில் பாயுமேயன்றி விரலில் உறைக்காது.

தொடும்போதெல்லாம் விடாமல் விறுவிறுப்புத் தெரிந்தால் கதை வேறு. அது 230 வோல்ற் மின்னின் கசிவாக இருக்கலாம். மூன்று முனைப் பிளக்கைப் புவித்தொடுப்பில்லாமல் எப்படியோ செருகிவைக்கும் நம்மவர் பழக்கமே பல வீடுகளில் இதற்குக் காரணம். பிளக்கைக் கழற்றிவிட்டு மின்னிணைப்பாளரை அழையுங்கள்.