மார்க்கு கேட்காத வீடியோ கால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகனுக்குப் 15 வயது. கோலாலம்பூரில் வளர்ந்தவன். போன வருடம் காரைக்குடி வந்து என்னோடும் அப்பத்தாவோடும் இருக்கிறான். அப்பச்சி (அவன் அப்பா) தினமும் வீடியோ காலில் வந்ததும் மார்க்கைத்தான் கேட்பார். ஒரு மாதமாக எரிந்து எரிந்து விழுகிறான், கிரிக்கெட்டை விட்டுவிட்டான், தூக்கமில்லை. "வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைக்குத்தான் டிப்ரஷன் வரும்" என்கிறார்கள் உறவினர்கள். அப்படியா?

ஒரு வாசகி, காரைக்குடி

அன்புள்ள ஆச்சி,

இல்லை. மனச்சோர்வு எல்லா இனத்துப் பிள்ளைகளுக்கும் வரும். பெற்றோர் செய்வதில் எதைப் பிள்ளை ஆதரவாக எடுத்துக்கொள்கிறது என்பதுதான் இடத்துக்கு இடம் மாறும். சீனப் பெற்றோரின் கண்டிப்பை வெள்ளையர் வீட்டு அளவுகோலால் அளக்கக்கூடாது, அதில் அக்கறையும் பயிற்சியும் கலந்திருக்கிறது என்று உளவியல் ஆய்வாளர் ரூத் சாவ் 1994இல் எழுதினார். நம் வீட்டுக் கண்டிப்புக்கும் இது பொருந்தும். ஆனால் நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதைவிட, தனக்கு எவ்வளவு கிடைத்ததாக அவன் நினைக்கிறான் என்பதே முக்கியம்.

அப்பச்சி முதல் பத்து நிமிடம் மார்க்கைத் தொடவேண்டாம். "இன்னைக்கி எது கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்கட்டும். "நாங்க படாத கஷ்டமா" என்று தொடங்கினால் அன்றோடு அவன் வாய் மூடிவிடும்.

சரிசெய்யக்கூடிய கஷ்டம் (பாடம் புரியவில்லை) என்றால் கூட உட்கார்ந்து சிறு சிறு துண்டாகப் பிரியுங்கள். சரிசெய்ய முடியாதது (கோலாலம்பூர் நண்பர்கள்) என்றால் அறிவுரை எடுபடாது, பேசட்டும், அழட்டும். நாம் பெரும்பாலும் இதை மாற்றிச் செய்கிறோம். ராத்திரி ஒன்றையே மனதில் ஓட்டிக்கொண்டிருப்பதுதான் ரொம்பக் கெடுதல். பத்து மணிக்கு எல்லோர் போனும் வளவில் (வீட்டு நடுமுற்றத்தில்) சார்ஜ் ஏறட்டும், உங்களுடையதும்தான்.

இந்த வயதில் சோர்வு பலநேரம் எரிச்சலாகத்தான் வெளிவரும். ஆர்வமும் போய், இரண்டு வாரம் தாண்டினாலே டாக்டரைப் பார்க்கவேண்டும், உங்களுக்கு மாதமாகிவிட்டது. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம். தைராய்டு, ஹீமோகுளோபின் பரிசோதனையும் கேளுங்கள். அப்பத்தா மந்திரித்துக் கயிறு கட்டினால் கட்டட்டும், அதற்காகச் சண்டை வேண்டாம். டாக்டரிடம் போகும் நாள் மட்டும் தள்ளக்கூடாது.

"சாகலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். மாத்திரை, எலிமருந்து, பூச்சிமருந்தைப் பூட்டிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். 14416 (டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண்) எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

மருந்து கொடுத்தால் பலன் தெரிய 4 முதல் 6 வாரமாகும். முதல் சில வாரம் கூடுதலாகக் கவனியுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். எங்கே போகிறோம் என்பதை அவனிடம் மறைக்காதீர்கள். டாக்டர் அவனோடு தனியே பேசவேண்டியிருக்கும். அவர் சொல்லும்வரை காத்திராமல் நீங்களே எழுந்து வெளியே வந்துவிடுங்கள்.