வாங்கப் போகும் வீட்டுக்கு மேலே ஒரு தனியார் அணை இருக்கிறது, 'உயர் அபாயம்' என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா?

நீங்கள் எழுதியதிலிருந்து எனக்குப் புரிந்தது இது. அமெரிக்காவில் ஓர் ஓடைக்கரையில் வீடு பார்த்திருக்கிறீர்கள். கொஞ்சம் மேலே, படகு விடவும் மீன் பிடிக்கவும் யாரோ மண் கரை போட்டுத் தேக்கிய சின்ன ஏரி. ராணுவப் பொறியாளர் படை வைத்திருக்கும் தேசிய அணைப் பட்டியலில் தேடினால் அபாய வகை 'உயர்', நிலை 'மதிப்பிடப்படவில்லை' என்று வருகிறது. நான் கட்டுமானப் பொறியாளன், இந்த மாதிரிக் கரைகளில் நிறைய நடந்திருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

'உயர் அபாயம்' என்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். உடைந்தால் கீழே உயிர் போகும் என்றால் அந்த அணை உயர் வகை, அவ்வளவுதான். போன வருடம் கட்டிய, கல் மாதிரி நிற்கும் அணைக்கும் இதே முத்திரைதான் விழும். சொல்லப்போனால் நீங்கள் பார்த்திருப்பது போன்ற வீடுகள் கீழே முளைத்ததால்தான் பல அணைகள் 'தாழ்' வகையிலிருந்து 'உயர்' வகைக்கு ஏறின. கரை என்னவோ அதே பழைய கரை.

அணையின் உடம்பு எப்படி என்பது 'நிலை' கட்டத்தில்தான் தெரியும். அங்கே 'மோசம்' என்று இருப்பதைவிட 'மதிப்பிடப்படவில்லை' என்று இருப்பதுதான் எனக்கு அதிகம் உறுத்தும். மோசம் என்றால் ஒருவர் போய்ப் பார்த்து எழுதியிருக்கிறார், உரிமையாளரை நெருக்க ஒரு கோப்பாவது இருக்கிறது. தனியார் அணைகளைப் பார்க்க வேண்டியது பெரும்பாலும் மாநில அரசு. அதில் மாநிலத்துக்கு மாநிலம் ஏகப்பட்ட வித்தியாசம். மிசூரியில் 35 அடிக்குக் குறைந்த உயரமுள்ள அணை மாநிலக் கட்டுப்பாட்டிலேயே வராது. டெக்சாஸ் 2013-இல் உயர் வகையில் வராத சிறிய தனியார் அணைகள் பலவற்றுக்கு விலக்குக் கொடுத்துவிட்டது. அதனால் மாநில அணைப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு முதலில் போன் போடுங்கள். கடைசி ஆய்வறிக்கை, அவசரகாலத் திட்டம், உடைந்தால் தண்ணீர் எதுவரை வரும் என்று காட்டும் வரைபடம், இந்த மூன்றையும் கேளுங்கள். உயர் வகை அணைக்கு அவசரகாலத் திட்டமே இல்லை என்று பதில் வந்தால் அதுவே உங்களுக்குப் பாதி விடை.

சின்ன ஏரிதானே என்று விட முடியாததற்குக் காரணம் இருக்கிறது. பென்சில்வேனியாவின் சவுத் ஃபோர்க் அணை கால்வாய்க்காகக் கட்டியது; பின்னால் பணக்காரர்களின் மீன்பிடி கிளப் ஒன்றின் கைக்குப் போனது. எஃகுத் தொழிலதிபர்கள் கார்னகி, ஃப்ரிக் எல்லாம் அதில் உறுப்பினர்கள். அடியில் இருந்த வடிகுழாய்களை முந்தைய உரிமையாளர் பிடுங்கி விற்றிருந்தார்; கிளப் அவற்றைத் திரும்பப் பொருத்தவில்லை. வண்டிப் பாதைக்காகக் கரையின் உச்சியைத் தாழ்த்தினார்கள், மீன் வெளியே போகக் கூடாதென்று, உபரி நீர் வெளியேறும் கலிங்கில் வலைத் தடுப்பு வைத்தார்கள். 1889 மே 31-ஆம் தேதி மழையில் கலிங்கு அடைத்துக்கொண்டது, தண்ணீர் கரை மேலேறியது, கீழே ஜான்ஸ்டவுனில் 2,200 பேருக்கு மேல் செத்தார்கள். நீதிமன்றம் வழியாகக் கிளப் ஒரு காசுகூட இழப்பீடு கட்டவில்லை. இதெல்லாம் அந்தக் காலம் என்றால், ஜார்ஜியாவின் டொக்கோவாவில் 1977 நவம்பர் 6 அதிகாலை கெல்லி பார்ன்ஸ் அணை உடைந்தது. மின்சாரம் எடுப்பதை நிறுத்திவிட்டு வெறும் பொழுதுபோக்கு ஏரியாக வைத்திருந்த, 40 அடி உயரம்கூட முழுதாக இல்லாத மண் அணை. 39 பேர் இறந்தார்கள். தனியார் அணைகளை நாடு முழுக்க ஆய்வு செய்ய அப்போதைய அதிபர் கார்ட்டர் உத்தரவிட்டது அதற்கப்புறம்தான்.

சரி, காகிதம் வரும்வரை உரிமையாளரிடம் அனுமதி கேட்டுக் கரையை ஒருமுறை பாருங்கள். ஏரிப் பக்கம் அழகாகத்தான் இருக்கும், அதை விடுங்கள். வெளிச்சரிவில் இறங்கி அடிக்குப் போங்கள். சுற்றிலும் புல் காய்ந்திருக்க, ஒரு திட்டில் மட்டும் கோரை பச்சையாக நின்றால் அங்கே கசிவு இருக்கிறது. தெளிந்த நீர் மெல்லக் கசிவது மண் அணையில் சகஜம், கண்காணித்தால் போதும். கலங்கலாக வந்தால் உள்ளிருந்து மண்ணையும் இழுத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம், உடனே அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டிய விஷயம். கரையில் பெரிய மரங்கள் வேண்டவே வேண்டாம். மரம் பட்டுப்போனால் வேர் மக்கி, அந்த வழியே தண்ணீர் போகும். அறுபது எழுபதுகளில் கட்டிய அணை என்றால் அடியில் அலைநெளிவுத் தகரக் குழாய் இருக்க வாய்ப்பு அதிகம். அதன் வெளிவாயில் டார்ச் அடித்துப் பாருங்கள், அடிப்பாகம் துருவேறி ஓட்டை விழுந்திருந்தால் குழாயை ஒட்டி மண் அரித்துக்கொண்டிருக்கும். தலையை உள்ளே விடாதீர்கள்.

அப்புறம் பணம். அணை வீட்டு உரிமையாளர் சங்கத்தின் சொத்தா, நீங்கள் வாங்கும் வீடும் அந்தச் சங்கத்தில் வருகிறதா என்று பத்திரத்தில் பாருங்கள். வருகிறதென்றால் பழுதுச் செலவில் உங்களுக்கும் பங்கு உண்டு. சங்கத்தின் சேமிப்பு நிதியில் அணைக்கென்று ஏதாவது ஒதுக்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். தென் கரோலினாவில் 2015 அக்டோபர் மழையில் இப்படிப்பட்ட அணைகள் பல உடைந்தன. செலவை யார் தருவது என்று முடிவாகாமல் சில ஏரிகள் வருடக்கணக்கில் வறண்டு கிடந்தன. ஏரிக்காட்சி என்று கூடுதல் விலை கொடுத்தவர்களை நினைத்துப் பாருங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், அறிக்கை கைக்கு வராமல் முன்பணம் கொடுக்க மாட்டேன். அறிக்கை சுமாராக இருந்து, பழுது பார்க்கத் தேதியும் நிதியும் இருந்தால் வாங்குவேன். வெள்ளக் காப்பீடு கட்டாயம் எடுப்பேன். சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் வராது, அணை உடைந்து வரும் தண்ணீரும் வெள்ளம்தான். வெள்ள மண்டல வரைபடத்தில் உங்கள் வீடு வெளியே இருக்கிறது என்று தரகர் சொல்லுவார். அந்த வரைபடம் அணை உடைவதைக் கணக்கில் எடுப்பதில்லை. அரசுத் திட்டக் காப்பீடு பொதுவாக எடுத்து 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். வீட்டுக் கடனோடு சேர்த்து எடுத்தால் அந்தக் காத்திருப்பு இல்லை, எனவே கடன் முடியும்போதே கேட்டுவிடுங்கள்.